ஒவ்வா வாரியமும் குமரகுருவின் காரும்

எந்த இரும்பு எந்த அலுமினியத்தோடு ஒட்டலாம், எந்தத் தாமிரம் எந்த இரும்பைத் தொடக் கூடாது என்று பார்த்துச் சொல்ல ஒரு வாரியம் வேண்டும் என்று நாட்டில் யாரும் உண்ணாவிரதம் இருக்கவில்லை. ஆனாலும் வந்துவிட்டது. ‘ஒவ்வா உலோகத் தொடர்பு தடுப்பு வாரியம்’ என்பது முழுப் பெயர். அவ்வளவையும் சொல்லச் சேலத்துச் சனங்களுக்கு வாயும் இல்லை, நேரமும் இல்லை. ‘ஒவ்வா வாரியம்’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

வாரியத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. காரின் அடிவயிற்றில் பிரேக் எண்ணெய் போகிற குழாய் ஒன்றும் பெட்ரோல் போகிற குழாய் ஒன்றும் ஓடுகின்றன. குழாய் ஒரு உலோகம், அதைப் பிடித்திருக்கிற கிளிப் வேறு உலோகம் என்று இருந்து, நடுவில் ஈரமும் சேர்ந்தால் இரண்டில் ஒன்று கரையத் தொடங்கும். கரைந்து ஓட்டை விழுந்தால் பிரேக் பிடிக்காது. இது உண்மை. இதற்கு மருந்தும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு ரப்பர் வைத்துவிட்டால் தீர்ந்தது. இதுவும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளை வைத்துக்கொண்டு ஏற்காட்டு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில், மூன்று மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். அதில்தான் குமரகுரு போய் மாட்டினான்.

குமரகுருவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் எடைமேடையில் வேலை. மரவள்ளிக் கிழங்கு லாரி வந்தால் எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆகவில்லை. பார்க்காமல் இல்லை, வருடக்கணக்காகப் பார்த்தார்கள். ஜாதகம் சேர்ந்தால் குலக் கூட்டம் இடித்தது. கூட்டம் ஒத்து வந்தால் தோட்டம் சின்னது என்றார்கள். எல்லாம் கூடி வந்த ஒரே இடத்தில் அந்தப் பெண், ‘எடை போடுறவரு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டாள். பொருத்தம் பார்த்துப் பார்த்தே அவன் அப்பனும் ஆத்தாளும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

தங்கை நர்மதா பொருத்தம் பார்க்காமல் போனவள். ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் அறிவு, ரயில்வேயில் வேலை, வேறு சாதி. இருவரும் சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் குடித்தனம். அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அப்பன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அப்பன் போய்விட்டார், சத்தியம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் ஆலையிலிருந்து வந்ததும் குமரகுரு டிவியில் சமையல் நிகழ்ச்சியைப் போடுவான். அதில் வருகிற அம்மாள் “இப்ப உப்புப் போடுங்க” என்றால், “போட்டாச்சுங்க” என்பான். சில வாரங்களில் அவன் அந்த வீட்டுக்குள் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் போன் வந்தது. அவன் எடைமேடையில் நின்றிருந்தான்.

“அண்ணா, நாந்தாங்ணா.”

“அம்மிணி” என்றான்.

“பாப்பாவுக்குக் காது குத்தறோம். ஆவணியில நாள் பாத்திருக்குது. மாமன் மடியில ஒக்கார வெச்சுத்தான குத்தோணும்? அவளுக்கு வேற மாமன் ஆரு இருக்கறா?”

“வாரேன் அம்மிணி.”

“நெசமா வருவீங்களா? ஆசாரி நேரம் குறிச்சுட்டாரு. இங்க அவங்க சனம் அத்தனை பேரும் வருவாங்க. நம்ம ஊட்டுப் பக்கம் ஒருத்தருங்கூட இல்லீன்னா...”

“வாரேன்னு சொன்னா வாரேன்.”

கிழங்கு லாரிக்காரன் இறங்கி வந்து, “ஏனுங்க, அழுவறீங்களா?” என்றான்.

“கெழங்கு மண்ணுங்க. கண்ணுல உழுந்துருச்சு” என்றான் குமரகுரு. எடையைத் தப்பாகப் போட்டு மறுபடி லாரியை ஏற்றச் சொன்னான்.

தாய்மாமன் சீர் என்றால் சும்மா இல்லை. தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு பங்காளிகளும் மாமன் மச்சான்களும் மேளத்தோடு வர வேண்டும். குமரகுரு நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தான். “அந்த ஊட்டுக்கா?” என்றார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு, “உனக்குக் கால் வலின்னு சொல்லிரு சாமி” என்று யோசனை கொடுத்தார். ஆக, கூட வருவதற்கு ஆள் கிடையாது. இருந்தது அப்பன் வாங்கிப் போட்ட பழைய வெள்ளைக் கார் ஒன்றுதான். மேளம் இல்லாவிட்டால் என்ன, ஆரன் இருக்கிறது. தட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கி, தெருமுனையிலிருந்து ஆரன் அடித்துக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று முடிவு செய்தான். பட்டுப் பாவாடை எடுத்தான், தங்கத் தோடு எடுத்தான். பாப்பாவின் வயது மட்டும் தெரியவில்லை. போனில் கேட்கவும் வெட்கமாக இருந்தது. கடைக்காரரிடம் கையை இடுப்பளவு, முழங்காலளவு என்று தூக்கி இறக்கிக் காட்டி, ஒரு குத்துமதிப்பாகப் பாவாடை வாங்கினான்.

காரை ஒரு தடவை கழுவிச் சுத்தம் பண்ணலாம் என்று சேலத்துக்கு ஓட்டிப் போனபோது மல்லூரில் கை காட்டி நிறுத்தினார்கள். ஒவ்வா வாரியத்தின் பறக்கும் படை. அதில் உதவி ஆய்வாளர் கோகிலவாணி. ரப்பர் கையுறை போட்டிருந்தாள். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் டார்ச்சோடு படுத்தாள். எழுந்து வந்தபோது முகம் இறுகிக் கிடந்தது.

“இது எத்தனை நாளா நடக்குதுங்க?”

“எதுங்க?”

“இந்தச் சம்பந்தம்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “பிரேக் குழா எரும்பு. நடுவுல ஒரு துண்டு தாமிரம் வெச்சு ஒட்டுப் போட்டிருக்கீங்க. ரெண்டையும் அலுமினியக் கிளிப்புல புடிச்சிருக்கீங்க. ஒரே ஊட்டுக்குள்ள மூணு சாதி!”

“அதுக பாட்டுக்கு நல்லாத்தானுங்க இருக்குதுக?”

“மொதல்ல எல்லாம் அப்படித்தானுங்க தெரியும்” என்றாள் கோகிலவாணி.

ஆலைக் கழிவுத் தண்ணீரில் தினமும் ஓடுகிற கார் என்பதால், அடியில் ஈரம் வேறு சேர்ந்திருந்தது. காரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வாரியத்தில் வந்து ‘தொடர்பின்மைச் சான்று’ வாங்கினால் கார் கிடைக்கும். ஆவணி வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. குமரகுரு கவலைப்படவில்லை. ஒரு துண்டு ரப்பர்தானே!

ரப்பர் வாரியத்தில் இல்லாத இடம் இல்லை. வாசற்படியில் ரப்பர், நாற்காலிக் காலில் ரப்பர், மேசைக்கும் பீரோவுக்கும் நடுவில் ரப்பர். கணக்குப் பிரிவு ஆட்களும் தொழில்நுட்பப் பிரிவு ஆட்களும் ஒருவரையொருவர் உரசிவிடாதபடி நடைபாதையின் நடுவில் ஆளுயர ரப்பர்த் திரை. டீக்காரர் எவர்சில்வர் டம்ளரை அலுமினியத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார் என்று அவர்மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. இப்போது அவர் டம்ளரை மரக் குறடால் பிடித்து, ரப்பர் வில்லை மேல் இறக்கிவிட்டு, பின்னால் தள்ளி நின்றுகொள்கிறார்.

வாசலில் காவலாளி குமரகுருவை நிறுத்தினான். போனை வாங்கி வைத்துக்கொண்டான்.

“இடுப்புல வெள்ளி அரணாக்கொடி போட்டிருக்கீங்களா?”

“ஆமாங்க.”

“பெல்ட்டுக் கொக்கி எரும்பா, பித்தளையா?”

“தெரியலீங்களே.”

“எதுவா இருந்தாலும் வெள்ளிக்கு ஆவாது. ரெண்டுல ஒண்ணைக் கழட்டுங்க.”

அரணாக்கொடியை அறுத்தால் ஆகாது என்று பெல்ட்டைக் கழற்றினான். அன்று முழுவதும் ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டே வாரியத்தில் நடமாடினான்.

காத்திருப்போர் கூடத்தில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு ரப்பர்த் தடுப்பு. உண்மையைச் சொன்னால், குமரகுருவுக்கு அங்கே போனதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இத்தனை மனிதர்களோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று! தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, “எந்தூருங்க?” என்றான்.

“நமக்கு எடப்பாடிங்க. என்ற வண்டியில பெட்ரோல் குழா...” என்று அந்தப் பக்கத்து ஆள் ஆசையோடு தொடங்கினார்.

காவலாளி விசில் ஊதினான். “தொடர்பு வேண்டாம்! தொடர்பு வேண்டாம்!”

எடப்பாடிக்காரர் தலையை இழுத்துக்கொண்டார். அவருடைய பெட்ரோல் குழாய்க்கு என்ன ஆனது என்று குமரகுருவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு வழியாக வாரியத் தலைவர் கருப்பண்ணன் கூப்பிட்டார். பெரிய அறை. அவர் பின்னால் சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. ஒரு கோடியில் துத்தநாகம், அடுத்து அலுமினியம், இரும்பு, தாமிரம், வெள்ளி என்று படிப்படியாக ஏறி, மறு கோடியில் தங்கம்.

“இதுதானுங்க உலோகப் பொருத்தம்” என்றார் கருப்பண்ணன். “மேல இருக்கறது தங்கம். அது ஆரைத் தொட்டாலும் அதுக்கு ஒண்ணும் ஆவறதில்லை. கீழ இருக்கறவந்தான் கரைஞ்சு போவான். அதனால தொட வேண்டாம்னு நாங்க சொல்றதெல்லாம் கீழ இருக்கறவங்களோட நல்லதுக்குத்தான். இது புரியாம ஊர்ல நம்மளைத் திட்டறாங்க.”

“அய்யா, நடுவுல ஒரு துண்டு ரப்பர் வெச்சுட்டாப் போதும்னு கீழ போர்டுல எழுதியிருக்குதுங்களே?”

“நெம்பச் சரி. அதுதான் வாரியத்தோட முதல் விதி.”

“அப்ப எனக்கு ஒரு துண்டு...”

“ரப்பர் ஏதுங்க? வந்த ஒதுக்கீடு ஆபீசுக்கே பத்தலை. மூணாவது மாடியில இன்னும் ரெண்டு பிரிவுக்காரங்க பக்கத்துப் பக்கத்துலயே ஒக்காந்திருக்கறாங்க, பாவம்.”

“வெளிய சைக்கிள் டியூப் வாங்கி வெச்சுக்கட்டுங்களா?”

“வாரிய ரப்பர் அல்லாத ரப்பரா?” கருப்பண்ணன் சிரித்தார். பிறகு அன்பாகக் கேட்டார். “கல்யாணம் ஆயிருச்சுங்களா?”

“இல்லீங்க.”

“ஊட்ல வேற ஆரு?”

“ஒருத்தருமில்லீங்க.”

“பாத்தீங்களா, நீங்க நம்ம கொள்கைக்காரரு!” அவர் முகம் மலர்ந்தது. “என்ற பையன் ஒருத்தன் ஒவ்வாத சம்பந்தம் ஒண்ணு பண்ணுனான். அன்னிக்கே அறுத்து உட்டுட்டேன். என்ற பொண்டாட்டியும் அவங்கூடவே போயிட்டா. இப்ப எங்க ஊட்ல துளி துரு இல்லீங்க. நெம்ப நிம்மதி. ஞாயித்துக்கிழமைகூட ஆபீசுக்கு வந்துருவேன். இங்க இருந்தா நேரம் போயிரும் பாருங்க.”

குமரகுருவுக்கு அந்த மனிதரிடம், ‘நீங்களும் சமையல் அம்மாளுக்குப் பதில் சொல்வீங்களா?’ என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. பேண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அந்த ஆளைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

அடுத்தது பரிசோதனை. ஒவ்வா உலோகங்கள் சேர்ந்தால் துருப்பிடிக்கும் என்பதை ஒவ்வொரு வண்டியிலும் தனித்தனியே நிரூபிக்க வேண்டும் என்பது விதி. நிரூபிக்க உப்புத் தண்ணீர் வேண்டும். சேலத்தில் கடல் இல்லை. இந்தக் குறையை வாரியம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டு, கடலூரிலிருந்து டேங்கர் லாரியில் கடல் தண்ணீர் தருவித்தது. முதல் டேங்கர் வந்த நாளில் விழா எடுத்தார்கள். தலைவர் பன்னீர்ச் செம்பில் கடல் தண்ணீரை நிரப்பி, வரிசையாக நின்ற கார்களின் மேல் தெளித்துத் தொடங்கி வைத்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“பெருமக்களே! இந்த வாரியம் தொடங்குவதற்கு முன்பு இம்மாவட்டத்தில் எவ்வளவு துரு இருந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. இன்று கணக்கு இருக்கிறது. அன்று துரு தானாக வந்தது. இன்று முறைப்படி வருகிறது. இம்மலையடிவாரத்துக்குக் கடலையே கொண்டுவந்து துருவை ஒழிக்கும் ஒரே வாரியம் நம் வாரியம்தான் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்!”

எல்லோரும் ரப்பர் கையுறையோடு கை தட்டினார்கள். சத்தமே வரவில்லை.

அன்று முதல் காலையும் மாலையும் காருக்கு உப்புக் குளியல். குமரகுரு ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான். வெள்ளைக் கார் மெல்ல மெல்லக் காவி கட்டிக்கொண்டிருந்தது. “கொஞ்ச நாள் பொறுத்துக்க. பாப்பாவுக்குக் காது குத்து. நாம போயி எறங்கோணும்” என்று அதனிடம் சொல்வான். ஒரு நாள் பின்னால் கோகிலவாணி நின்றிருந்தாள்.

“ஏனுங்க, வாராவாரம் தனியாவே வர்றீங்களே. கூட ஆரும் இல்லீங்களா?”

“கார் இருந்தா ரெண்டு பேருங்க” என்றான்.

கோகிலவாணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தூரத்தில் காவலாளி விசிலை உதட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேசாமல் போய்விட்டாள்.

மனு மேல் மனு போட்டும் சான்று நகரவில்லை. ஆவணி பிறந்தது. நர்மதா போன் பண்ணும்போதெல்லாம், “கார் சர்வீசுல இருக்குது அம்மிணி, வந்துரும்” என்று சொல்லி வந்தான். கடைசியில் காதுகுத்து நாளன்று காலையிலேயே வந்து சான்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சரி, வாங்கிக்கொண்டு அப்படியே காரில் சூரமங்கலம் போய்விடலாம், முகூர்த்தத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, சீர்த் தட்டுகளை ஒரு பெரிய மூங்கில் கூடையில் அடுக்கிக்கொண்டு பஸ் மாறி வாரியத்துக்கு வந்தான். காவலாளி போனை வாங்கி வைத்துக்கொண்டான். கூடையில் தங்கத் தோடு இருக்கிறது என்றதும் எழுந்து நின்று கும்பிட்டான். மேல்கோடி உலோகம் அல்லவா!

ஆனால் அதற்குப் பேர் சான்று வாங்குவது இல்லை, சான்று வழங்கு விழா. பந்தல் போட்டிருந்தார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, துணைத் தலைவர் உரை, தலைவர் உரை. குமரகுரு கூடையை மடியில் வைத்துக்கொண்டு பந்தல் நிழல் நகர்வதைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஆசாரி வந்திருப்பார். பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பார்கள். நர்மதா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்து ஓடிப்போய்விடலாமா என்று நினைத்தான். கார் இல்லாமல், ஒற்றை ஆளாக, சீர்க்கூடையைச் சுமந்துகொண்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினால் அறிவின் சனம் என்ன நினைக்கும்? உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் பேர் கூப்பிட்டார்கள். கருப்பண்ணன் சான்றை வாசித்தார்.

“மேற்படி வாகனத்தில் ஒவ்வா உலோகங்களுக்கிடையே தொடர்பு ஏதும் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.”

குமரகுருவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோகிலவாணியைப் பார்த்து, “ரப்பர் வெச்சுட்டீங்களாங்க?” என்றான்.

அவள் தரையைப் பார்த்தாள். “இல்லீங்க. எரும்புக் குழா கரைஞ்சே போச்சுங்க. தாமிரத் துண்டு மட்டும் அந்தரத்துல தொங்குது. அலுமினியக் கிளிப்பும் பொடிப்பொடியா உதுந்துருச்சு. எதுவும் எதையும் தொடலீங்க.”

“அப்புறம் பிரேக்கு?”

“பிரேக்கு நம்ம வாரியத்துல வராது” என்று கருப்பண்ணன் குறுக்கிட்டார். “அது வேற துறை. தொடர்பு இருக்குதா இல்லையா, அதை மட்டுந்தான் நாங்க பாக்கறது. இல்லை. சுத்தமா இல்லை. இந்த வாரியத்தோட நூறு சதவீத வெற்றிங்க உங்க வண்டி!”

குமரகுரு அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது. அதிலும் இப்போது ஒவ்வாத சம்பந்தம் ஒன்றும் இல்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அப்பன் போய், ஆத்தாள் போய், தங்கை போய், யாரும் யாரையும் தொடாமல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அந்த வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு சான்று கொடுக்கலாம். இத்தனை நாள் தான் இருந்தது இப்படித்தானா என்று நினைத்தான்.

அதற்குள் வாகன ஒப்படைப்புச் சடங்கு ஆரம்பித்துவிட்டது. சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். காவலாளி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை மரியாதையோடு எடுத்தான். மலையடிவாரம் சரிவு என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஹேண்ட் பிரேக் கம்பியும் அதே உப்பில் குளித்ததுதான். ஓட்ட ஆளில்லாத வெள்ளைக் கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது. போய், கீழே நிறுத்தியிருந்த தலைவர் கருப்பண்ணனின் புதுக் காரின் பின்பக்கத்தில் முட்டி, பம்பரோடு பம்பர் மாட்டிக்கொண்டு நின்றது.

“தொட்டுருச்சு!” என்று கத்தினார் கருப்பண்ணன். “ஆரும் கிட்டப் போவாதீங்க! அது எரும்பு, என்றது அலுமினியம்! ஈரம் வேற இருக்குது!”

விசில் ஊதினார்கள். ரப்பர் கேட்டு மூன்றாவது மாடிக்கு ஆள் ஓடியது. அங்கிருந்து ரப்பர் இல்லை என்று பதில் வந்தது. இரண்டு வண்டிகளையும் முறைப்படி பிரிக்கக் குழு ஒன்று அமைக்கப்படும் என்றும், அதுவரை உரிமையாளர் இடத்தை விட்டு நகரக் கூடாது என்றும் துணைத் தலைவர் அறிவித்தார். உரிமையாளர் நகர்ந்துவிட்டார். கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, வாசலில் வைத்திருந்த போனை எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான் குமரகுரு. போனில் நர்மதா கூப்பிட்ட அழைப்புகள் வரிசையாகத் தொங்கின. திருப்பிக் கூப்பிட்டான், யாரும் எடுக்கவில்லை.

முகூர்த்த நாள் டவுன் பஸ் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. படியில் ஏறியதும் கூட்டமே அவனை உள்ளே கொண்டுபோனது. ஒரு கிழவர் அவன் தோளில் சாய்ந்து நின்றார். யாரோ முழங்கையை விலாவில் ஊன்றினார்கள். பூக்காரம்மா ஒருத்தி, “சீரு கொண்டு போறீங்களா சாமி? இப்புடிக் குடுங்க, நசுங்கிரும்” என்று கூடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எந்தச் சாதி, எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்னும் பின்னும் வியர்வை ஈரத்தோடு மனிதர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அவனை இப்படி மனிதர்கள் தொட்டு எத்தனை வருடமாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. நேரமாகிவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்ட அதே சமயத்தில், இந்தப் பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன என்றும் இருந்தது.

சூரமங்கலத்தில் இறங்கிக் குவார்ட்டர்ஸ் சந்துக்குள் நுழைந்தபோது பந்தலில் முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. வாசலில் நர்மதா. முகம் சிவந்து வீங்கியிருந்தது.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதாங்ணா?”

“அம்மிணி, காரு...”

“காரு ஆருக்கு வேணும்? உங்களைத்தான வரச் சொன்னேன்!”

கூடையைப் பிடித்தபடி வெயிலில் நின்றான். நேரம் தப்பிவிடும் என்று அறிவின் ஆபீஸ் நண்பர் ஒருவரை மாமனாக உட்கார வைத்துக் குத்திவிட்டார்களாம். பாவம், அவரும் என்ன செய்வார், நல்ல மனிதர். அறிவு வெளியே வந்து கூடையை வாங்கினான்.

“வாங்க மச்சான். ஒரு காதுதான் குத்தியிருக்கு. கத்திட்டு எறங்கி ஓடிட்டா. கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு இன்னொரு காதைக் குடுக்க மாட்டேங்கறா. ஆசாரி கெளம்பறேன்கறாரு. நீங்க கூப்பிட்டுப் பாருங்க.”

குமரகுரு தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். கோகிலவாணி தன் காருக்கு அடியில் பார்த்த மாதிரி. இருட்டில் இரண்டு கண்கள். ஒரு காது சிவந்திருந்தது.

“ஆரு நீ?” என்றது பாப்பா.

“உன்ற மாமன் சாமி.”

“மாமா அங்க இருக்கறாரு.”

“அவரு இல்லை. நாந்தான். பஸ்ஸு லேட்டாயிருச்சு.”

பாப்பா அவனை உற்றுப் பார்த்தது. கயல்விழி என்று பேர். நர்மதா சின்னதில் இருந்த அதே நெற்றி. “வலிக்குமா?” என்று கேட்டது.

“வலிக்கும்” என்றான் குமரகுரு. பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. “நான் புடிச்சுக்கறேன்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. சின்னக் கை, சூடான கை, அழுத கண்ணைத் துடைத்து ஈரமாகிப்போன கை. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். மணையில் உட்கார்ந்தான். பாப்பா மடியில் ஏறி, முகத்தை அவன் சட்டைக்குள் புதைத்துக்கொண்டது. ஆசாரி கம்பியை எடுத்ததும் அவன் தோளைக் கடித்தது. பல் பதிய நன்றாகவே கடித்தது. குமரகுரு அசையவில்லை. காது குத்தி முடிந்து வெகு நேரமாகியும் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ‘மாமனுக்கா காது குத்துனாங்க?’ என்று பந்தலில் யாரோ கேலி செய்தார்கள். நர்மதா பட்டுப் பாவாடையைப் பிரித்துப் பார்த்து, “இது இவளுக்குப் பத்து வயசு ஆவும்போது கட்டலாமுங்ணா” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

அப்போது போன் அடித்தது. வாரியத்திலிருந்து துணைத் தலைவர். ரப்பர் வந்துவிட்டதாம். ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு வண்டிகளையும் பிரிக்க உரிமையாளர் உடனே நேரில் வர வேண்டுமாம்.

“இப்ப வர முடியாதுங்க” என்றான் குமரகுரு, மெல்லிய குரலில். “புள்ளை மடியில தூங்குது.”

“அப்ப வண்டிக ரெண்டும்?”

“அது பாட்டுக்கு ஒட்டியே இருக்கட்டும் உடுங்க.”